குடித்தொகைக் காரணிகளும் வாக்களிப்பு நடத்தையும்
(மலையகத் தோட்டப் பகுதிகளை உதாரணமாகக் கொண்ட விளக்கம்)

மாணவர்களே, தேர்தல் முறை பற்றிய வினாக்களுக்கு உங்களிற் பலர் நன்றாகவே விடை எழுதுகிறீர்கள். விகிதாசார முறை என்றால் என்ன, விருப்பு வாக்கு எத்தனை, வெட்டுப்புள்ளி எத்தனை வீதம் என்பவை மனப்பாடமாக இருக்கின்றன. ஆனால், “வாக்காளரின் நடத்தையிற் செல்வாக்குச் செலுத்தும் காரணிகளை உதாரணம் தந்து விளக்குக” என்று கேட்டால் விடைத்தாளில் வயது, பால், இனம், மதம், கல்வி என்று ஐந்து சொற்கள் வரிசையாக நிற்கும். விளக்கம் இருக்காது. உதாரணமும் இருக்காது. இக்கட்டுரை அந்தக் குறையை நீக்குவதற்கானது. உதாரணத்தைத் தேடி வேறு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற தோட்டப் பகுதிகளை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கடினம்.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு மக்கட் கூட்டத்தை எண்ணிப் பார்த்து வகுக்கக்கூடிய இயல்புகளே குடித்தொகைக் காரணிகள். வயது, பால், இனம், மொழி, சமயம், கல்வி, தொழில், வருமானம், வதிவிடம், இடப்பெயர்வு ஆகியன இவற்றுள் அடங்கும். வாக்களிப்பு நடத்தை என்பதில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒருவர் வாக்களிக்கச் செல்கிறாரா என்பது ஒன்று. சென்றால் யாருக்கு வாக்களிக்கிறார் என்பது மற்றொன்று. இரண்டையும் கலந்து எழுதினால் விடை குழம்பிவிடும். அரசியற் பங்குபற்றல் என்பது இவற்றை விட விரிந்தது. தொழிற்சங்கத்தில் அங்கத்துவம் பெறுதல், வேலைநிறுத்தத்திற் கலந்துகொள்ளுதல், மனு கொடுத்தல், கூட்டத்துக்குப் போதல், வேட்பாளராக நிற்றல் ஆகிய யாவும் அதனுள் வரும்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் இருத்துங்கள். காரணிகள் ஒரு கூட்டத்தின் பொதுவான போக்கைக் காட்டுமே தவிர, ஒரு தனியாளின் வாக்கை முன்கூட்டிச் சொல்லமாட்டா. “அவர் தோட்டத் தொழிலாளி, ஆகவே இந்தக் கட்சிக்குத்தான் போடுவார்” என்று எழுதும் மாணவருக்குப் புள்ளி குறையும். குறையவும் வேண்டும்.

இத்துறையில் முன்னோடியான ஆய்வு ஒன்றைப் போல் லாசர்ஸ்பெல்ட் என்பவரும் அவரது குழுவினரும் 1940ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது ஓகையோ மாநிலத்தில் ஈரி என்னும் மாவட்டத்தில் நடத்தினர். பொருளாதார நிலை, சமயம், கிராமமா நகரமா என்ற மூன்றையும் தெரிந்துகொண்டாலே ஒருவர் எப்பக்கம் சாயக்கூடும் என்பதைப் பெருமளவு ஊகிக்கலாம் என்று அவர்கள் கண்டனர். இதைவிடப் பயனுள்ள முடிவு ஒன்றும் அவர்களுக்குக் கிடைத்தது. ஒருவரின் ஒரு இயல்பு ஒரு பக்கமும் மற்றோர் இயல்பு மறுபக்கமும் இழுக்கும்போது, அவர் முடிவெடுக்கத் தாமதிக்கிறார். சிலவேளை வாக்களிக்காமலே இருந்துவிடுகிறார். இதைக் குறுக்கு அழுத்தம் என்பர். மலையக இளைஞரைப் பற்றிப் பேசும்போது இச்சொல் மீண்டும் தேவைப்படும்.

எண்ணிக்கை என்னும் காரணி

குடித்தொகை என்றவுடன் எண்ணிக்கைதான் முதலில் வருகிறது. 1946ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர் சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இது நாட்டின் மொத்தக் குடித்தொகையில் 11.7 வீதம். 1971இல் அவர்களின் எண்ணிக்கை 11 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாகக் குறைந்து 5.5 வீதமாயிற்று. 2012இல் 839,504 பேர், அதாவது 4.1 வீதம். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 3 வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

பிறப்பு, இறப்பு ஆகியவற்றால் மட்டும் இவ்வளவு மாற்றம் ஏற்படுமா? ஏற்படாது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் நாடற்றவரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதெனவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த மிகுதியை 1974ஆம் ஆண்டின் சிறிமா – இந்திரா ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அக்காலத்தில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறியவர்களின் குடும்பங்கள் இன்று நீலகிரியிலும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் வாழ்கின்றன. அவர்களைத் தவிர வன்னிக்கு இடம்பெயர்ந்தோர் இருக்கிறார்கள். தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொண்டோரும் இருக்கிறார்கள். பிரசாவுரிமை கிடைத்த பிறகு “இந்திய” என்ற சொல்லைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ளப் பலர் விரும்பவில்லை. இவ்விருப்பம் இயல்பானதே. ஆனால் கணக்கெடுப்பில் எழுதப்படும் ஒரு சொல், அச்சமூகம் எவ்வளவு பெரியது என்ற கணக்கை மாற்றிவிடுகிறது. அந்தக் கணக்கை முன்வைத்துத்தான் பிரதேச செயலகம், பிரதேச சபை, தொகுதி எல்லை ஆகியவற்றைக் கேட்க வேண்டியுள்ளது. “மலையகத் தமிழர்” என்ற பெயர் பற்றிய விவாதம் வெறும் பெயர் விவாதம் அன்று என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

எண்ணப்பட்டும் எண்ணப்படாதவர்கள்

இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931இல் நடைமுறைக்கு வந்தது. டொனமூர் ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயதிலேயே வாக்குரிமை வழங்கலாம் எனச் சிபாரிசு செய்திருந்தது. இறுதியில் ஆண், பெண் இருபாலாருக்கும் 21 வயது என முடிவாயிற்று. (இது 18 வயதாகக் குறைக்கப்பட்டது 1959இல் ஆகும்.) ஆனால் தோட்டத் தொழிலாளர் வாக்காளராவதற்கு வேறு நிபந்தனைகள் போடப்பட்டன. நிரந்தரமாக இந்நாட்டில் வாழும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். இல்லையேல் கல்வி, சொத்து ஆகிய தகுதிகளைக் காட்ட வேண்டும். இவ்வளவு தடைகளின் மத்தியிலும் 1931இல் சுமார் 1 இலட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராகப் பதிந்துகொண்டனர். ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குத் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனார். 1936இல் அதே ஹட்டனிலிருந்து கோ. நடேசய்யர் தெரிவானார்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்திற் பல தொகுதிகளை வென்றது. நுவரெலியாவில் செளமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் வென்றவர்களுள் அடங்குவர். இத்தொகுதிகளுக்கு அப்பாலும் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்கு உதவின. தொழில், மொழி, வதிவிடம் ஆகிய மூன்றும் ஒரே திசையில் இழுத்ததால் ஏற்பட்ட ஒருமுகமான வாக்களிப்பு இது.

அடுத்து நிகழ்ந்ததை நீங்கள் வரலாற்றுப் பாடத்திற் படித்திருப்பீர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து மலையகத் தமிழரிற் பெரும்பாலானோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை. ஐந்தாண்டு இடைவெளியில் மக்களும் மாறவில்லை, தோட்டங்களும் மாறவில்லை. இடாப்பு மட்டுமே மாறியது.

இங்கே பல மாணவர் கவனிக்கத் தவறும் ஒரு விடயம் உண்டு. ஆசனங்களைப் பங்கிடும்போது கணக்கிற் கொள்ளப்பட்டது வாக்காளர் தொகையன்று, மொத்தக் குடித்தொகையே. 1959ஆம் ஆண்டு எல்லை மீள்நிர்ணயமும் இவ்வாறே நடந்தது. தோட்டத்தில் வாழ்ந்த நாடற்றவர்களும் தலைக்கணக்கிற் சேர்க்கப்பட்டு மலைநாட்டுக்கு ஆசனங்கள் வழங்கப்பட்டன. ஆனால் அந்த ஆசனங்களுக்கு வாக்களித்தவர்கள் அயற்கிராமங்களின் வாக்காளர் மட்டுமே. இதனாற் சில தொகுதிகளில் மிகக் குறைந்த வாக்குகளைப் பெற்று ஒருவர் பாராளுமன்றம் செல்ல முடிந்தது. பாராளுமன்ற உறுப்பினருக்கும் லயன் அறைகள் பக்கம் வரவேண்டிய தேவை இருக்கவில்லை. அங்கே வாக்கு இல்லையே! வீதி, குடிநீர், பாடசாலை, வைத்தியசாலை ஆகிய யாவும் கிராமத்தோடு நின்று, தோட்ட எல்லையிலுள்ள வாயிற் கதவுக்கு அப்பால் வராமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். வாக்குரிமைக்கும் வாழ்க்கைத்தரத்துக்கும் என்ன தொடர்பு என்று வினா வந்தால் இதை எழுதுங்கள்.

செளமியமூர்த்தி தொண்டமான் மக்கள் வாக்கினால் மீண்டும் தெரிவானது 1977இல். நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருடன் மூன்றாமவராக அவர் தெரிவானார். நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்தன. 1948இல் தொடங்கிய பிரச்சினை சட்டத்தில் முடிவதற்கு 55 ஆண்டுகள் எடுத்தன. மலையகத்தில் இன்றைய வாக்காளர் சிலரின் தாத்தா, பாட்டிமார் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் வாக்களிக்காமலே இறந்தவர்கள். மலையக மக்கள் தேர்தல் நாளில் ஆர்வத்தோடு வரிசையில் நிற்பதைப் பார்த்து வியப்போர் இதை அறிந்தால் வியக்கமாட்டார்கள்.

செறிந்து வாழ்தலும் சிதறி வாழ்தலும்

விகிதாசார முறையிற் பாராளுமன்றப் பொதுத்தேர்தல் முதன்முதல் 1989இல் நடைபெற்றது. இம்முறையில் ஒரு சமூகத்தின் எண்ணிக்கை மட்டும் போதாது, அது எங்கே வாழ்கிறது என்பதும் முக்கியமாகும். 2012 மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் குடித்தொகை 7 இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதல். இதிற் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். நான்கு தேர்தல் தொகுதிகளுள் (நுவரெலியா – மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை) முதலாவதில் மட்டும் மாவட்ட வாக்காளரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் உள்ளனர். தோட்டங்கள் அதிகமாக இருப்பதும் அங்கேதான். மற்றைய மூன்றிலும் கிராமத்துச் சிங்கள விவசாயிகள் கூடுதலாக வாழ்கின்றனர். நெல், மரக்கறி, உரவிலை ஆகியவை அவர்களுக்கு முக்கிய பிரச்சினைகள். தோட்டத்திலோ நாட்சம்பளம், வீடு, காணி.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள். முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம். மீதி 7ம் வாக்கு விகிதப்படி பகிரப்படும். வாக்காளர் ஒருவர் தாம் தெரிவு செய்த கட்சியின் பட்டியலில் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். தோட்டத்து வாக்காளர் மூன்று விருப்பு வாக்குகளையும் தமிழ் வேட்பாளர் மூவருக்கே பிரித்துக் கொடுத்தால், அப்பட்டியலின் மேல் இடங்கள் அவர்களுக்குப் போய்ச் சேரும். 2015, 2020 ஆகிய இரு தேர்தல்களிலும் 8 பேரில் 5 பேர் தமிழராக இருந்ததற்கு இதுவே காரணம். 2020இல் ஜீவன் தொண்டமான் 109,155 விருப்பு வாக்குகளைப் பெற்றார். ஆனால் ஒரே பட்டியலில் நான்கைந்து தமிழர் போட்டியிட்டாலோ, பல சுயேச்சைக் குழுக்கள் நின்றாலோ அதே வாக்குகள் சிதறிப்போகும்.

கேகாலை, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களிலும் தோட்டங்கள் உண்டு. அங்குள்ள மக்களின் பிரச்சினைகள் ஹட்டன் மக்களின் பிரச்சினைகளை விடக் குறைந்தவையல்ல, சில இடங்களிற் கூடியவை. எனினும் அவர்கள் சிதறி வாழ்வதாற் சொந்தப் பலத்தில் ஒருவரைத் தெரிவு செய்ய முடிவதில்லை. இரத்தினபுரியில் 2024இல் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் சுந்தரலிங்கம் பிரதீப் தெரிவானார். தமிழ் வாக்குகளால் மட்டும் கிடைத்திருக்கக்கூடிய வெற்றியன்று அது. பிற சமூகத்தவரும் விருப்பு வாக்கு அளித்தாற்றான் அது சாத்தியம். சிதறி வாழும் சமூகத்துக்கு வேறு வழி உண்டா என்று கேட்டால் இவ்வுதாரணத்தைத் தரலாம்.

தொழிலும் தொழிற்சங்கமும்

தொழில் என்ற காரணி மலையகத்தில் ஏனைய காரணிகளை விட ஆழமாக வேலை செய்கிறது. காரணத்தைப் பாருங்கள். ஒரு தோட்டத் தொழிலாளி வேலை செய்யும் இடமும், குடியிருக்கும் இடமும், பிள்ளையை விடும் பிள்ளைமடுவமும், மருந்தெடுக்கும் இடமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்துவந்தன. அந்த நிர்வாகத்தோடு பேசுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். கூரைத் தகரம் பறந்தாலும், அரைப்பேர் போட்டாலும், காசுக்கணக்குப் பிழைத்தாலும் அவரிடமே போகவேண்டும். சந்தாப் பணம் மாதச் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டுச் சங்கத்துக்குப் போகும். தேர்தல் வந்தால் அதே தலைவர்தான் சின்னத்தைக் காட்டுவார். இவ்வாறு தொழிற்சங்க அங்கத்துவம் அரசியற் கட்சி வாக்காக மாறியது. சேவல் என்றால் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், மண்வெட்டி என்றால் 1989இல் பெ. சந்திரசேகரன் தொடங்கிய மலையக மக்கள் முன்னணி என்று எழுத வாசிக்கத் தெரியாதவரும் சொல்வர்.

ஆயினும் இப்பிணைப்பு இறுகிய சங்கிலி அல்ல. 2015ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்த ராஜபக்சவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டமோ பெரும்பான்மையாக மைத்திரிபால சிறிசேனவுக்கு வாக்களித்தது. 2019இல் அதே சங்கம் கோட்டாபய ராஜபக்சவை ஆதரித்தது. மாவட்டத்தில் முன்னிலை பெற்றவர் சஜித் பிரேமதாச. சம்பளப் பேச்சுக்குச் சங்கம், ஜனாதிபதியைத் தெரிவு செய்வதற்குச் சொந்தப் புத்தி என்று மக்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 2024இல் இது இன்னும் தெளிவாயிற்று. செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் இம்மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடம் பெற்றார். நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தி முதலிடத்துக்கு வந்து 8 ஆசனங்களில் 5ஐப் பெற்றது. இரண்டு மாத இடைவெளியில் மக்களின் வயதோ இனமோ தொழிலோ மாறவில்லை. ஆகவே குடித்தொகைக் காரணிகள் எல்லாவற்றையும் விளக்கமாட்டா. நாட்டு நிலைமை, தலைமை பற்றிய மதிப்பீடு, வெல்லும் பக்கம் நிற்கும் விருப்பம் ஆகியனவும் உண்டு. விடையில் இதற்கு ஒரு பந்தியேனும் ஒதுக்குங்கள்.

தொழில் என்ற காரணியே இப்போது தளர்ந்து வருவதையும் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் வாழ்வோர் எல்லோரும் தோட்டத்தில் வேலை செய்வோர் அல்லர். பதிவுபெற்ற தொழிலாளர் தொகை ஆண்டுக்காண்டு குறைகிறது. ஒரு லயன் அறையில் தாய் கொழுந்து பறிக்கிறார், தந்தை பக்கத்திலுள்ள மரக்கறித் தோட்டத்திற் கைக்காசுக்குப் போகிறார், மகன் கொழும்பிற் கடையில் நிற்கிறார், மகள் ஆசிரியை. இவர்களில் ஒருவரிடமே சந்தா கழிக்கப்படுகிறது. நால்வரின் வாக்கையும் ஒரு தலைவர் சேர்த்துக் கொடுக்க முடியுமா?

பெண்கள்

தேயிலைத் தொழிலின் முதுகெலும்பு பெண்கள். வாக்களிப்பிலும் அவர்கள் பின்னிற்பதில்லை. கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றாலும், வீதி மறியலுக்கு ஆள் வேண்டுமென்றாலும் முன்வரிசையில் அவர்களே. ஆனால் மேடையிற் பார்த்தால் ஆண்கள்! இந்த வேறுபாட்டைப் பால் என்ற காரணியின் கீழ்க் கட்டாயம் எழுத வேண்டும். பங்குபற்றலில் அடிமட்டப் பங்குபற்றல் வேறு, தீர்மானம் எடுக்கும் மட்டத்திற் பங்குபற்றல் வேறு.

காரணத்தை ஒரு நாளின் நேரக்கணக்கிற் காணலாம். விடியுமுன் எழுந்து சமையல், பிள்ளைகள், பிறகு மலை. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் விறகு, தண்ணீர், மீண்டும் சமையல். சங்கக் கூட்டமோ மாலையில் அல்லது இரவில் நடக்கும். வேட்பாளராவதற்குப் பணமும் வாகனமும் தேவை. பெண்ணின் சம்பளத்தைக் கணவரே போய் வாங்கும் வழக்கம் சில தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. தம் கூலியையே கையில் எடுக்காத ஒருவர் தேர்தலுக்குச் செலவழிப்பதெப்படி?

சட்டம் இங்கே ஓரளவு உதவியது. உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கும் ஏற்பாடு 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முதல் நடைமுறைக்கு வந்து, தோட்டத்துப் பெண்களும் பிரதேச சபைகளுக்குள் நுழைந்தனர். 2024 பொதுத்தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும், பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகினர். மலையகப் பெருந்தோட்டச் சமூகத்துப் பெண்கள் பொதுத்தேர்தலில் வென்றது அதுவே முதல் முறை. சர்வசன வாக்குரிமை வந்து 93 ஆண்டுகளுக்குப் பின்! நாடு முழுவதையும் பார்த்தாலும் அப்பாராளுமன்றத்திற் பெண்கள் 10 வீதத்தை எட்டவில்லை என்பதால், இதை மலையகத்துக்கு மட்டும் உரிய குறையாக எழுதவேண்டாம்.

வயது, கல்வி, இடப்பெயர்வு

பொதுவாக உலகின் பல நாடுகளில் இளைஞரை விட நடுத்தர வயதினரும் முதியோரும் கூடுதலாக வாக்களிக்கின்றனர். கல்வி கூடினால் அரசியல் ஈடுபாடும் கூடும் என்பது இன்னொரு பொதுவிதி. மலையகத்தில் இவ்விரண்டும் ஒரு சிக்கலுக்குள் அகப்படுகின்றன. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னர் படிப்படியாகக் கல்வி வளர்ந்தது. படித்த இளைஞர் தோட்டத்தில் வேலை செய்ய விரும்பவில்லை. கொழும்புக்கும் வேறு நகரங்களுக்கும் போனார்கள். பெயர் இருப்பதோ தோட்ட இடாப்பில், ஆள் இருப்பதோ வெள்ளவத்தையில் ஒரு கடையின் மேல்மாடியில்.

வாக்களிக்க ஹட்டனுக்கு வரவேண்டும். அதற்கு விடுமுறை வேண்டும். வாக்களிப்பதற்குச் சம்பளத்துடன் குறைந்தது 4 மணிநேர விடுமுறை வழங்க வேண்டுமென்பது சட்டம். தூரத்தைப் பொறுத்து அரைநாள் முதல் இரண்டு நாள்வரை வழங்குமாறு அண்மைத் தேர்தல்களில் முதலாளிமார் அறிவுறுத்தப்பட்டனர். இருந்தும் கடைச்சிப்பந்திகளிற் பலருக்கு இந்த உரிமை தெரியாது. தெரிந்தாலும் கேட்கத் துணிவதில்லை. பேருந்துக் கட்டணமும் கையிலிருந்து போகும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் நாடளாவிய ரீதியில் 79.46 வீதமாக இருந்த வாக்களிப்பு, ஏறத்தாழ இரண்டு மாதத்தின் பின் வந்த பொதுத்தேர்தலில் 68.93 வீதமாகக் குறைந்தது. ஒரே ஆண்டில் இருமுறை ஊருக்குப் போய்வருவது தூரத்தில் வேலை செய்வோருக்கு இலேசான காரியமா என்று சிந்தித்துப் பாருங்கள்.

குறுக்கு அழுத்தம் என்ற சொல்லை இங்கே பொருத்தலாம். வீட்டில் அம்மாவின் சங்கம் ஒரு பக்கம். நகரத்தில் கூட வேலை செய்யும் சிங்கள, முஸ்லிம் நண்பர்களின் பேச்சும், கைத்தொலைபேசியில் வரும் காணொளிகளும் இன்னொரு பக்கம். சம்பளமும் காணியும் தனது சமூகத்தின் பிரச்சினை என்றும், வேலையின்மையும் விலைவாசியும் எல்லோருக்குமான பிரச்சினை என்றும் அந்த இளைஞர் அறிவார். எதை முன்வைத்து வாக்களிப்பது? சிலர் புதிய கட்சிக்கு மாறுகின்றனர், சிலர் வீட்டாரோடு நிற்கின்றனர், சிலர் ஊருக்கே போவதில்லை.

கல்வியோடு தொடர்பான வேறொரு விடயம் நிராகரிக்கப்பட்ட வாக்குகள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் சுமார் 3 இலட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களித்தோர் தொகை குறைந்திருந்தும் 6 இலட்சத்துக்கு மேற்பட்டவை நிராகரிக்கப்பட்டன. பொதுத்தேர்தல் வாக்குச்சீட்டு நீளமானது. கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி, பின்னர் வேட்பாளர் இலக்கங்களின் மேற் புள்ளடி என இரண்டு வேலைகள். முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் அந்த வாக்கு செல்லாது. வீட்டில் மூத்தோர் இருந்தால் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை வைத்துச் சொல்லிக் கொடுங்கள். யாருக்குப் போடுவது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ஆவணமும் ஒரு தடை

வாக்குச்சாவடியில் ஆளடையாள ஆவணம் காட்ட வேண்டும். தேசிய அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வீட்டிலோ தோட்ட மருத்துவமனையிலோ பிறந்து, உரிய காலத்திற் பதியப்படாதவர்கள் தோட்டங்களில் இருந்தனர். தமிழிற் சொன்ன பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு மீண்டும் தமிழுக்கு வரும்போது இராமாயி வேறொருவராகிவிடுவார். கிராமத்தில் கிராம உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்தும் விண்ணப்பத்தைத் தோட்டத்திற் பெரும்பாலும் தோட்ட அத்தியட்சகரே அத்தாட்சிப்படுத்தி வந்தார். பிரசையின் உரிமைக்குரிய பத்திரம் முதலாளியின் மேசை வழியாகப் போவது எவ்வளவு பொருத்தமானது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

உள்ளூராட்சியிலும் இதே கதை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குப் பணம் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. அதாவது தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், தலைவராகவும் வரலாம், ஆனால் தாம் வாழும் லயனுக்கு வழி போட முடியாது. இப்பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகள் உருவாக்கப்பட்டன. குடித்தொகை கூடிய இடத்துக்கு ஏற்ற நிருவாக அலகு கிடைக்க இவ்வளவு காலம் சென்றது.

உங்களில் அடுத்த ஓரிரு ஆண்டில் 18 வயதாகப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. முன்னர் ஆண்டில் ஒரு குறித்த நாளில் 18 நிறைந்திருந்தால் மட்டுமே அவ்வாண்டு இடாப்பிற் பெயர் வரும். 2021இற் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஆண்டின் நடுவில் 18 வயதை அடைவோரும் துணை இடாப்பு மூலம் சேர்க்கப்படலாம். கிராம உத்தியோகத்தர் படிவம் கொண்டுவரும்போது கொழும்பிலுள்ள அண்ணனின் பெயரும் உங்கள் பெயரும் அதிலிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பயிற்சி வினா

“1947ஆம், 1952ஆம், 1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல்களில் நுவரெலியாப் பகுதியின் பிரதிநிதித்துவம் மாறியதற்கான காரணங்களைக் குடித்தொகை, சட்டம், தேர்தல் தொகுதி அமைப்பு ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தி விளக்குக.”

இதற்கு விடை எழுதும்போது ஆண்டுகளை வரிசையாக எழுதி நிறுத்திவிடாதீர்கள். 1952இற் குறைந்தது மக்கள் தொகையா, வாக்காளர் தொகையா என்ற கேள்வியை முதலில் எழுப்பி அதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு மூன்று அங்கத்தவர் தொகுதி எப்படி ஒரு சிறுபான்மைக்கு இடமளித்தது என்பதற்குச் செல்லுங்கள். அத்தொகுதி தனி அங்கத்தவர் தொகுதியாக இருந்திருந்தால் 1977இல் முடிவு என்னவாகியிருக்கும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் விடை நிறைவாகும்.